யோசனைப் பெட்டியின் சாவி யாரிடம்?

அலுவலகத்தில் யோசனைப் பெட்டி வைத்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. முதல் மாதம் பெட்டி நிரம்பி வழியும். மூன்றாம் மாதம் நாலைந்து சீட்டு வரும். ஆறாம் மாதம் திறந்து பார்த்தால் கழிவறைக் குழாய் ஒழுகுகிறது என்று ஒரு புகாரும், ஒரு சாக்லெட் காகிதமும் கிடக்கும். பெட்டிக்குப் பதிலாக ஆன்லைன் படிவம் வைத்தாலும், வாட்ஸ்அப் குழு தொடங்கினாலும், காசு கொடுத்து மென்பொருள் வாங்கினாலும் இதே சரிவுதான். "நம்ம ஆட்களுக்கு இதிலெல்லாம் ஆர்வம் கிடையாது" என்று சொல்லி நிர்வாகம் பெட்டியைக் கழற்றிவிடும்.

ஆர்வம் இல்லாமல் இல்லை. கணக்கு உதைக்கிறது.

மாதம் 15 யோசனை வருகிறது, பரிசீலனைக் குழு மாதம் ஒருமுறை கூடி 5 யோசனைகளை முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதா மாதம் 10 தேங்கும். ஓராண்டில் 120. அன்றைக்குப் புதிதாக ஒருவர் போடும் சீட்டு வரிசைப்படி போனால் 24 மாதம் கழித்துத்தான் மேசைக்கு வரும். குழுவில் யாரும் கெட்டவர் இல்லை, யாருடைய யோசனையையும் யாரும் தூக்கி எறியவில்லை. ஆனாலும் எழுதிப் போட்டவருக்கு அது கிணற்றில் போட்ட கல். இரண்டாவது கல்லை அவர் ஏன் போடப்போகிறார்?

வரிசைகளைப் பற்றிய கணிதத்தில் ஜான் லிட்டில் 1961-ல் நிறுவிய விதி ஒன்று உண்டு. நிலையாக ஓடும் எந்த வரிசையிலும், வரும் வேகத்தைக் காத்திருக்கும் சராசரி நேரத்தால் பெருக்கினால், வரிசையில் நிற்பவற்றின் சராசரி எண்ணிக்கை கிடைக்கும். வங்கிக் கவுன்டருக்குப் பொருந்துவது யோசனைகளுக்கும் பொருந்தும். மாதம் 15 யோசனை வரும் இடத்தில், சராசரியாக அரை மாதத்தில் பதில் போய்ச் சேர வேண்டுமானால், முடிவாகாமல் நிற்பவை 7 அல்லது 8 அளவில்தான் இருக்க வேண்டும். சுவரில் எழுதி ஒட்ட வேண்டியது இந்த எண்ணை. பல நிறுவனங்கள் ஒட்டுவதோ "இந்த ஆண்டு வந்த யோசனைகள்: 412" என்பது போன்ற ஒன்றை. அது பெருமைக்கான எண், வேலைக்கு உதவாது.

இந்தப் பெட்டியின் வரலாற்றைப் பார்த்தாலும் இதே பாடம் தெரியும். ஸ்காட்லாந்தின் டம்பார்டனில் இருந்த வில்லியம் டென்னியின் கப்பல் கட்டும் தளம், வேலையைச் சுலபமாக்கும் வழி சொல்லும் தொழிலாளர்களுக்குப் பரிசு தரும் திட்டத்தை 1880-ல் தொடங்கியது. கோடாக் 1898-ல் தொடங்கியது. அங்கே முதலில் பரிசு பெற்ற யோசனை, ஜன்னல்களைக் கழுவினால் வேலை செய்யும் இடத்தில் வெளிச்சம் கூடும் என்பது. பரிசு 2 டாலர். டொயோட்டாவின் எய்ஜி டொயோடா 1950-ல் அமெரிக்கா போய் ஃபோர்டு தொழிற்சாலையைப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே கண்ட யோசனைத் திட்டத்தைத் தழுவி 1951-ல் டொயோட்டா தன் திட்டத்தைத் தொடங்கியது. அது இன்றும் ஓடுவதற்குக் காரணம், அங்கே பெரும்பாலானவை கையளவு யோசனைகள் என்பதும், அவற்றை வேலை நடக்கும் இடத்திலேயே முடிவு செய்கிறார்கள் என்பதும்தான். ஜன்னல் கழுவுவதற்கு இயக்குநர் குழுவின் ஒப்புதல் எதற்கு?

சீட்டில் என்ன கேட்பது

"உங்கள் யோசனைகளை வரவேற்கிறோம்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் வரும். கேள்வி குறுகலாக இருக்க வேண்டும். "வாடிக்கையாளர் சேவையை எப்படி மேம்படுத்தலாம்?" என்பது கேள்வியே இல்லை, பிரார்த்தனை. "திருப்பி அனுப்பப்படும் பொருளுக்குப் பணம் போய்ச் சேர 9 நாள் ஆகிறது. அதில் எந்த நாள் வீண்?" என்று கேட்டுப் பாருங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவர், கிடங்கில் இருப்பவர், தொலைபேசி எடுப்பவர் மூவரும் மூன்று வேறு பதில் வைத்திருப்பார்கள். ஒரு சமயத்தில் ஒரு கேள்வி, நான்கிலிருந்து ஆறு வாரம் வரை. அதற்கு வெளியே தோன்றுவதைப் போட எப்போதும் திறந்திருக்கும் இன்னொரு வழியும் இருக்கட்டும்.

சீட்டில் ஐந்து வரி போதும், நிரப்பப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. எங்கே இடிக்கிறது, யாருக்கு, எவ்வளவு அடிக்கடி? என்ன மாற்றலாம்? அது பலிக்க வேண்டுமானால் எது உண்மையாக இருக்க வேண்டும்? மிகச் சிறிய அளவில் எப்படிச் சோதிக்கலாம்? நீங்களே அதில் வேலை செய்ய விரும்புகிறீர்களா, அல்லது சொன்னதோடு போதுமா?

மூன்றாவது வரிதான் சீட்டின் உயிர். "படிவத்தைச் சுருக்கினால் பிழை குறையும்" என்ற யோசனைக்கு அடியில், "படிவம் நீளமாக இருப்பதால்தான் பிழை வருகிறது" என்ற ஊகம் ஒளிந்திருக்கிறது. பிழையான படிவங்கள் 30-ஐ எடுத்துப் பார்த்தால் அந்த ஊகம் நிற்குமா விழுமா என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். பலவேளை பிழை எல்லாம் ஒரே கட்டத்தில் இருக்கும், நீளத்துக்கும் அதற்கும் தொடர்பே இருக்காது.

கேட்கக் கூடாதது ஒன்று உண்டு: "இதனால் நிறுவனத்துக்கு எவ்வளவு மிச்சமாகும்?" இந்தக் கட்டத்தை வைத்த உடனே இரண்டு விஷயம் நடக்கும். இயந்திரத்தின் முன்னால் நிற்பவர், "அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா" என்று சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். எக்செல் தெரிந்தவர் வாயில் வந்த எண்ணைப் போட்டு அனுப்புவார். முதலாமவரை இழப்பது நஷ்டம், இரண்டாமவரின் எண்ணை நம்புவது அதைவிட நஷ்டம். அந்தக் கணக்கைச் சோதனை முடிந்தபின் போட்டுக்கொள்ளலாம்.

புகாரைத் தள்ளாதீர்கள். "மாற்று வழி இல்லாமல் பிரச்சினையோடு வராதே" என்ற வசனம் கேட்க மிடுக்காக இருக்கும், ஆனால் தீர்வு தெரியாதவர்களின் வாயை அது அடைத்துவிடும். புகார் என்பது முதல் வரி மட்டும் எழுதப்பட்ட சீட்டு. மிச்சத்தை வேறொருவர் எழுதட்டும்.

பெயர் இல்லாமல் எழுத இடம் தருவதா என்பது ஓயாத விவாதம். பாதுகாப்பு, முறைகேடு, மேலதிகாரியின் நடத்தை ஆகியவை பற்றி எழுதப் பெயரற்ற வழி கட்டாயம் வேண்டும். மற்றவற்றில் சிக்கல் என்னவென்றால், பெயர் இல்லையென்றால் கேள்வி கேட்கவும் முடியாது, பதில் சொல்லவும் முடியாது. ஒவ்வொரு சீட்டுக்கும் கிழித்தெடுக்கும் எண் ஒன்றைக் கொடுத்து, பதில்களை எண்வாரியாகப் பலகையில் ஒட்டினால் இரண்டும் நடக்கும்.

எல்லாவற்றையும் ஒரே தராசில் போடாதீர்கள்

வந்தவற்றை மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவது பலருக்கும் பிடித்த வேலை. பலன் எவ்வளவு, நம்பிக்கை எவ்வளவு, உழைப்பு எவ்வளவு என்று ஒன்று முதல் ஐந்து வரை கொடுத்துப் பெருக்கி, 43.2 என்று ஓர் எண்ணை எடுப்பார்கள். மூன்று ஊகங்களைப் பெருக்கினால் கிடைப்பது இன்னும் பெரிய ஊகம், தசமப் புள்ளி வைத்ததால் அது அளவாகிவிடாது. மதிப்பெண் முறை ஒன்றுக்குப் பயன்படும்: ஒரே யோசனைக்கு ஒருவர் 1-ம் இன்னொருவர் 5-ம் போட்டிருந்தால், இருவருக்கும் தெரிந்தது வேறு வேறு என்று அர்த்தம். அங்கே நின்று பேசுங்கள். சராசரி எடுத்து 3 என்று எழுதினால், கிடைத்த ஒரே தகவலையும் அழித்துவிடுகிறீர்கள்.

அளவால் பிரிப்பது இதைவிட உதவும். முதல் வகை, தோற்றால் மறுநாளே பழையபடி மாற்றிவிடக்கூடியது, ஒரு குழுவுக்குள் முடிவது, செலவு அந்தக் குழுவின் கைச்செலவுக்குள் அடங்குவது. இதற்கு மீட்டிங் வேண்டாம். குழுத் தலைவர் மூன்று வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு செய்யத் தொடங்கலாம். இந்தக் கடைசி வாக்கியம் இல்லாமல் எந்த விதியும் ஓடாது. இரண்டாம் வகை, இரண்டு மூன்று பிரிவுகளைத் தொடுவது. அதற்கு இரு வாரத்துக்கு ஒருமுறை 45 நிமிடக் கூட்டம், முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள நான்கைந்து பேர், ஒரு யோசனைக்கு ஐந்து நிமிடம். மூன்றாம் வகை, நிறுவனத்தின் தொழிலையே மாற்றக்கூடியது. இதைத் தனிப் பணத்தோடும் தனி அளவுகோலோடும் வைக்க வேண்டும்.

ஏன் தனி அளவுகோல்? கோடாக்கின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975-ல் டிஜிட்டல் கேமரா ஒன்றைச் செய்து காட்டினார். எடை சுமார் 3.6 கிலோ, தெளிவு 0.01 மெகாபிக்சல், ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 விநாடி. அந்த யோசனை காணாமல் போகவில்லை. 1978-ல் அதற்குக் காப்புரிமைகூடக் கிடைத்தது. ஆனால் ஃபிலிமும் அச்சுத்தாளும் விற்றுக் கொழித்த நிறுவனத்தின் பக்கத்தில் வைத்து நிறுத்தால் அந்தப் பெட்டி எப்படி எடை காட்டும்? 2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. இடைப்பட்ட 37 ஆண்டுகளின் எல்லா முடிவுகளையும் ஒரு கேமராவின் தலையில் கட்ட முடியாதுதான். இருந்தாலும், ஜன்னல் கழுவச் சொன்னவருக்கு உடனே 2 டாலர் கொடுக்கத் தெரிந்த அதே நிறுவனத்துக்கு, தன் தொழிலையே தின்னக்கூடிய யோசனையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இப்போது வேண்டாம், ஆனால் வீசவும் மனமில்லை என்ற வகைக்கு ஓர் அலமாரி வேண்டும். த்ரீ எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் 1968-ல் கண்டுபிடித்த பசை எதையும் உறுதியாக ஒட்டாது, ஒட்டினாலும் சுலபமாகப் பிரிந்துவிடும். அதை வைத்து என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. அவர் நிறுவனத்துக்குள்ளேயே அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். அப்படி ஓர் உரையைக் கேட்டிருந்த ஆர்ட் ஃப்ரை, 1974-ல் தேவாலயப் பாட்டுப் புத்தகத்தில் வைத்த அடையாளச் சீட்டு நழுவி விழுந்தபோது அந்தப் பசையை நினைத்துக்கொண்டார். 1980-ல் போஸ்ட்-இட் என்ற ஒட்டியெடுக்கும் குறிப்புச் சீட்டு அமெரிக்கா முழுக்க விற்பனைக்கு வந்தது. விடை முதலில் வந்து, கேள்விக்காக ஆறு ஆண்டு காத்திருந்தது. சேர்த்து வைத்ததால் மட்டும் இது நடக்கவில்லை, அவர் வாய் ஓயாமல் பேசியதால் நடந்தது.

ஆகவே அலமாரியில் வைக்கும் சீட்டுக்குத் துறையின் பெயரைக் குறிச்சொல்லாகப் போடாதீர்கள். "மார்க்கெட்டிங்", "ஐடி" என்று போட்டால் யாரும் தேடி வரமாட்டார்கள். "ஒட்டியதைக் கிழியாமல் எடுக்க", "இரண்டு ஷிஃப்டுக்கு இடையில் தகவல் விடுபடாமல் இருக்க" என்று என்ன வேலைக்கு உதவும் என்பதை எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்துச் சீட்டை உருவி, வேறு பிரிவினர் முன்னால் உரக்க வாசியுங்கள். அரை மணி நேரம் போதும்.

கூடி யோசிக்கும்போது

பிரெயின்ஸ்டார்மிங் என்ற சொல்லைப் பரப்பிய அலெக்ஸ் ஆஸ்பர்ன் ஒரு விளம்பர நிறுவனக்காரர். குறை சொல்லாதே, எண்ணிக்கையைக் கூட்டு, விபரீதமானதையும் சொல், பிறர் சொன்னதன்மேல் கட்டு என்ற அவருடைய நான்கு விதிகள் இன்னும் மீட்டிங் அறைகளில் ஓடுகின்றன. ஆனால் 1958-லேயே யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள்: நால்வர் கூடி உட்கார்ந்து சொன்னவற்றைவிட, நால்வர் தனித்தனியே எழுதியவற்றைச் சேர்த்தபோது யோசனைகள் அதிகம். 1987-ல் மைக்கேல் டீல், வோல்ஃப்காங் ஸ்ட்ரோபே இருவரும் முக்கியக் காரணத்தைக் கண்டார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் தோன்றியது மறந்துபோகிறது, அல்லது "சொல்லும் அளவுக்கு இல்லை" என்று அவரே அழித்துவிடுகிறார்.

எனவே முதலில் எழுத்து, பிறகுதான் பேச்சு. பெர்ன்ட் ரோர்பாக் உருவாக்கிய 6-3-5 முறை இதற்குச் சரியான கருவி. ஆறு பேர், ஒவ்வொருவர் கையிலும் மூன்று பத்தியும் ஆறு வரிசையும் உள்ள ஒரு தாள். ஐந்து நிமிடத்தில் முதல் வரிசையில் மூன்று யோசனை எழுதி வலப்பக்கத்தவரிடம் தள்ள வேண்டும். அவர் அதைப் படித்து அடுத்த வரிசையில் வளர்க்கலாம், திருப்பலாம், புதிதாகவும் எழுதலாம். ஆறு சுற்று, அரை மணி நேரம், 108 கட்டங்கள்.

கோளாறு எங்கே வரும் என்றால், நான்காம் சுற்றில். படிக்க வேண்டியது கூடிவிடும், ஐந்து நிமிடம் பற்றாது. கடைசி மூன்று சுற்றுகளுக்கு இரண்டு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள், வெற்றுக் கட்டம் இருந்தால் விட்டுவிடுங்கள். வற்புறுத்தி நிரப்பினால் ஒரே யோசனை வேறு சொல்லில் திரும்ப வரும். கையெழுத்து புரியாமல் போவதும் உண்டு, ஒரு கட்டத்தில் ஒரு முழு வாக்கியம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். மேலாளர் இருந்தால் அவருடைய தாள் மற்றவர்களுக்கு அடையாளம் தெரியும், பணிவோடு அதன்மேல் கட்டுவார்கள். அவர் வெளியே இருப்பது நல்லது.

அடுத்து வகைப்படுத்தல். ஜப்பானிய மானிடவியலாளர் ஜிரோ கவாகிதா தன் களக் குறிப்புகளை ஒழுங்குபடுத்த உருவாக்கிய முறைதான் இன்று சுவர் முழுக்கச் சீட்டு ஒட்டும் வழக்கமாகியிருக்கிறது. அதில் பலர் தவறவிடுவது இரண்டு. தலைப்பைக் கடைசியில்தான் எழுத வேண்டும். முதலிலேயே "தொழில்நுட்பம், மக்கள், செயல்முறை" என்று மூன்று தலைப்பு ஒட்டினால், தெரிந்த டப்பாக்களில் சீட்டுகளை அடைப்பதோடு வேலை முடிந்தது. தலைப்பு ஒரு வாக்கியமாகவும் இருக்க வேண்டும். "தகவல் தொடர்பு" என்ற தலைப்பு எதையும் சொல்லாது, "காலையில் மாறிய ஆர்டர் மாலை ஷிஃப்டுக்குத் தெரிவதில்லை" என்பது அடுத்து என்ன செய்வதென்று தானே சொல்லும். எந்தக் கூட்டத்திலும் சேராத சீட்டைத் தனியாகவே விடுங்கள், "இதர" என்ற குப்பைக்கூடையில் போட வேண்டாம். புதியது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

புள்ளி ஒட்டி வாக்களிப்பதானால், முதலில் ஒரே மாதிரியானவற்றைச் சேருங்கள், இல்லையேல் வாக்கு சிதறும். எந்த எண்ணுக்கு வாக்கு என்று எல்லோரும் தாளில் எழுதிய பிறகு ஒட்டச் சொல்லுங்கள். மூன்று புள்ளி விழுந்த இடத்தில்தான் நான்காவதும் விழும்.

பதில்

பதில் மூன்றே வகை. செய்கிறோம்: யார், எந்தத் தேதிக்குள். சோதிக்கிறோம்: எதை, எந்தத் தேதி வரை. செய்யவில்லை: காரணம் இது, இன்னது மாறினால் திரும்ப எடுப்போம். "பார்க்கலாம்", "பரிசீலனையில் உள்ளது" இரண்டுக்கும் தடை.

செய்யவில்லை என்று சொல்வதுதான் கடினம், அதற்காகவே பலர் மழுப்புகிறார்கள். ஆனால் காரணத்தோடு வரும் மறுப்பு, அடுத்த யோசனையைக் கூர்மையாக்கும். "பட்ஜெட் இல்லை" என்பது காரணம் ஆகாது. "இதற்குப் புது ஸ்கேனர் 4 வேண்டும், இப்போதுள்ளவற்றின் ஒப்பந்தம் அடுத்த மார்ச்சில் முடிகிறது, பிப்ரவரியில் மீண்டும் எடுக்கிறோம்" என்று எழுதினால் எழுதியவர் பிப்ரவரியில் வந்து நிற்பார். எழுத்தில் அனுப்புவதற்கு முன் நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை.

சோதனை என்றால் இரண்டு வாரம், ஓர் அளவு, ஓர் எல்லை. எது நடந்தால் நிறுத்துவோம் என்பதைத் தொடங்கும் முன்னரே எழுதிக் கையெழுத்திட வேண்டும். நடுவில் எழுதினால் எல்லோருக்கும் தன் பிள்ளை பொன் பிள்ளையாகிவிடும்.

நேரம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் எந்தத் திட்டமும் நிற்காது. வேலை நேரத்தில் 15 சதவீதத்தை ஊழியர்கள் தங்கள் சொந்த யோசனைகளுக்குச் செலவிடலாம் என்ற த்ரீ எம்மின் விதி புகழ்பெற்றது. மென்பொருள் நிறுவனமான அடோபி 2013-ல் இதை வேறு விதமாகச் செய்தது. கேட்ட ஊழியர் கையில் ஒரு சிவப்புப் பெட்டி, அதில் வழிமுறைகளோடு 1,000 டாலர் ஏற்றிய அட்டை. செலவுக்கு யாரிடமும் ஒப்புதல் கேட்க வேண்டாம். அவ்வளவு பணம் எல்லோராலும் தர முடியாது, அனுமதியை முன்கூட்டியே தருவதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. சிறிய இடத்தில், சோதனை நடக்கும் இரண்டு வாரமும் வாரத்துக்கு அரை நாள் என்று ஷிஃப்ட் அட்டவணையிலேயே பெயரோடு எழுதுங்கள். அட்டவணையில் இல்லாத நேரம் கிடையாத நேரம்.

இங்கேதான் பழைய வியாதி ஒன்று தலைகாட்டும்: "நீதானே சொன்னாய், நீயே செய்." சொன்னவர் தலையில் வேலையைக் கட்டினால், வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது என்று மற்ற எல்லோரும் ஒரே நாளில் கற்றுக்கொள்வார்கள். சீட்டின் ஐந்தாவது வரி அதற்காகத்தான். சொன்னதோடு போதும் என்று டிக் செய்தவரை வேலையிலிருந்து விடுங்கள், பெயரை மட்டும் விடாதீர்கள். முடிவு அறிவிப்பில் மேலாளரின் பெயருக்கு முன்னால் அந்தப் பெயர் இருக்கட்டும்.

பரிசு சிறியதாக, சமமாக, உடனடியாக இருந்தால் போதும். மிச்சமான தொகையில் சதவீதம் என்று அறிவித்தால் யார் முதலில் சொன்னது என்ற சண்டை கிளம்பும், பக்கத்து மேசைக்காரரிடம் வாய் திறக்காமல் யோசனையைப் பூட்டி வைப்பார்கள். ஆளுக்கு மாதம் இரண்டு என்று இலக்கு வைத்தாலும் வம்புதான், 30-ஆம் தேதி மாலை ஒரே யோசனை நான்காக வெட்டப்பட்டு வந்து சேரும். கவனிக்க வேண்டிய அளவுகள் மூன்று: முதல் பதிலுக்கு ஆன நாட்கள், பதிலுக்காக நிற்பவை, கடந்த மாதம் சோதனைக்குப் போனவை. இவற்றைப் பார்த்துக்கொள்ள வாரத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் ஒதுக்கப்பட்ட ஒருவர் வேண்டும். குழு என்று எழுதினால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள்.

ஏற்கெனவே 120 சீட்டு தேங்கிக் கிடக்கிறதா? அதன்மேல் புதுத் திட்டத்தைக் கட்ட வேண்டாம். ஒரு பிற்பகல் மூன்று பேர் உட்கார்ந்து ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்தால் கணிசமாகக் குறைந்துவிடும். முதல் வகை எல்லாவற்றையும் அன்றே அந்தந்தக் குழுத் தலைவருக்கு அனுப்புங்கள். மீதியை எழுதியவர்களுக்கு ஒரே கேள்வி: "தாமதத்துக்கு மன்னிக்கவும். இது இன்னும் தேவையா?" இரண்டு வாரம் அவகாசம். பதில் வராதவை அலமாரிக்கு, வந்தவற்றில் எட்டு மட்டும் வரிசைக்கு. எழுதியவர் வேலையை விட்டே போயிருந்தால் சீட்டைக் கிழிக்க வேண்டாம், அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது இருப்பவரிடம் காட்டுங்கள். அதே இடத்தில் அவருக்கும் இடித்துக்கொண்டிருக்கும்.